வளைவாயில் காத்திருந்த காலை

மார்ச் 9, 2024, சனி

விடியுமுன் கரைக்குப் போய் முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் அலைநுரை முழுதும் அழுக்கேறிய சாம்பல் நிறம். எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடுவது கேமராவின் ஒளிமானிக்கு இயல்பு. வெண்நுரையும் வெளிர்மணலும் நிறைந்த காட்சியில் அது ஒளியைக் குறைத்துவிடுகிறது. நாளை எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, +1 அளவுக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரேயடியாகக் கூட்டினால் நுரைக்குள் இருக்கும் குமிழிகளே மறைந்துபோகும். படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில், மிக வெளிச்சமான பகுதிகள் விழும் வலது ஓரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

இன்னொரு குறைதான் மனதை உறுத்துகிறது. ஒரு படம்கூட உட்கார்ந்து எடுத்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

அமாவாசை. சூரியனும் நிலவும் ஒரே திசையில் நின்று இழுப்பதால் கடல் நன்றாகவே உள்வாங்கியிருந்தது. ஈரமணல் நெடுக மிளகளவு மண் உருண்டைகள், சிறு வளைகளிலிருந்து கதிர் பிரிவதுபோல வரிசை வரிசையாக. ஒரு வளைக்கு எதிரே குப்புறப் படுத்துக்கொண்டேன். நிழல் வளைமேல் விழாதபடி பார்த்துக்கொண்டு, முழங்கைகளை மணலில் ஊன்றி, அசையாமல் இருந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். முதலில் காம்புகள்மேல் இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. பிறகு விரல்நகம் அளவு நண்டு ஒன்று முழுதாக வெளியே வந்தது.

இரண்டு கொடுக்குகளாலும் மாறி மாறி மணலை அள்ளி வாயில் இட்டுக்கொண்டே நகர்ந்தது. மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களும் மட்கிய துகள்களும்தான் அதற்கு இரை. சலித்து மிஞ்சிய மணல் வாயருகே உருண்டையாகத் திரண்டதும், கொடுக்கால் கிள்ளிப் பின்னால் தள்ளியது. உடனே அடுத்த வாய். அந்த உருண்டை பிரியும் கணம் 1/1000 நொடியில் ஒரே ஒரு படத்தில் கூர்மையாகக் கிடைத்திருக்கிறது. மற்ற நாற்பதும் வீண், அதில் எனக்கு வருத்தமே இல்லை. கடல் ஏறி வந்தபோது அத்தனை உருண்டைகளும் ஒரே அலையில் கரைந்தன.

மார்ச் 11, திங்கள்

பலத்த காற்று. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நேற்றைய உப்பை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். லென்ஸில் ஒட்டிய மணலைத் துடைக்குமுன் ஊதித் தள்ளிவிட வேண்டும். ஒரு மணல் துணுக்கு போதும், கண்ணாடியில் கீறல் விழுந்துவிடும்.

மார்ச் 13, புதன்

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தொலைவில் நின்று நீண்ட லென்ஸில் நான்கு படங்கள் எடுத்ததும் கை தயங்கியது. ஒருவர் உழைப்பதை அவர் அறியாமல் எடுத்துக்கொண்டு போவது சரியாகப் படவில்லை. அந்த நான்கையும் அழித்துவிட்டு அருகில் போய்க் கேட்டேன். கயிற்றின் முனையில் நின்ற பெரியவர் தலையசைத்தார்.

மணலில் உட்கார்ந்து அவர் கைகளை மட்டும் எடுத்தேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கால் நொடிக்கு நீட்டினேன். கயிறு நீளக் கோடாக இழுபட்டது. கயிற்றை மாற்றிப் பிடிக்குமுன் ஒரு கணம் ஊன்றி நின்ற கை மட்டும் தெளிவாக நின்றது. ஈரக்கயிறு அழுந்திய இடத்தில் தோல் வெளுத்து, விரல் இடுக்கெல்லாம் மணல்.

"முகம் வேண்டாமாம்மா?" என்றார்.

"கை போதும் ஐயா."

திரையைக் காட்டினேன். கண்களைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலடியில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டி, "இதுகூட விழுந்திருக்கிறதே" என்று பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார்.

அந்தப் படத்தை இன்றிரவே அச்செடுத்துவிட வேண்டும். காலையில் வலை இறங்குமுன் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நண்டு வளைப் பக்கம் போவேன்.