முள்ளுக்கு விலை வைக்கும் வேலை

முள்ளம்பன்றித் தோல் ஒன்று மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது முள்ளை அல்ல, மயிரை. முதுகில் முட்களுக்கு மேலாக நீண்டு நிற்கும் அந்தக் கரட்டு மயிர் ஒரு சாண் அளவுக்கு முழுதாக இருந்தால் தோலுக்கு நல்ல விலை கொடுப்போம். நுனி முறிந்து போயிருந்தால், முள் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் விலை பாதிக்கு இறங்கிவிடும். புதிதாகத் தோல் கொண்டுவருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. முள்ளுக்காகத்தானே முள்ளம்பன்றி, மயிரை ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

கனடாவின் வட ஒன்ராறியோவில், சட்பரி நகருக்கு மேற்கே 17ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு சின்னக் கடை எங்களுடையது. பேர்ச் மரப்பட்டை, மான் தோல், கண்ணாடி மணிகள், சுவீற்கிராஸ் என்ற வாசனைப் புல், முள்ளம்பன்றி முள் எல்லாம் விற்கிறோம். வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஹியூரோன் ஏரியின் வடகரையிலும் மனிற்றுலின் தீவிலும் வாழும் அனிஷினாபெ என்ற பூர்வகுடி மக்கள். அழகுக்காக ஒரு பொட்டலம் வாங்கிப்போகும் உல்லாசப் பயணிகளும் உண்டு, ஆனால் கடை நடப்பது அவர்களால் அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் இங்கே கணக்கு எழுதத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு தோல் பிரிக்கும் மேசையும் என் பொறுப்புக்கு வந்தது. இப்போது கணக்கைவிட மேசையில்தான் அதிக நேரம் இருக்கிறேன்.

இங்குள்ள முள்ளம்பன்றி நம் ஊர் முள்ளம்பன்றி அல்ல. மரம் ஏறும், பட்டையையும் ஊசியிலைகளையும் தின்னும், குளிர்காலம் முழுக்கத் தூங்காமல் திரியும். உடம்பில் ஏறக்குறைய 30,000 முட்கள். பெரும்பாலும் விரல் நீளந்தான். அடி வெள்ளை, நுனி கறுப்பு. நுனியில் நான்கு மில்லிமீற்றர் தூரத்துக்குப் பின்நோக்கிச் சாய்ந்த நுண்ணிய கொளுக்கிகள் இருக்கின்றன, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கொளுக்கிகளால் முள் தசைக்குள் இறங்கத் தேவைப்படும் விசை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உள்ளே போவது சுகம், வெளியே எடுப்பதுதான் பாடு. இந்த மேசையில் வேலை செய்கிற எவருக்கும் ஆய்வு தேவையில்லை, விரலே சொல்லும்.

தோல்கள் எப்படி வருகின்றன என்று பலர் கேட்கிறார்கள். பொறி வைத்து விலங்கு பிடிக்கும் பொறிக்காரர்கள் சிலர் கொண்டுவருகிறார்கள். ஆனால் அதிகமானவை நெடுஞ்சாலையில் வாகனம் அடித்தவை. முள்ளம்பன்றிக்கு உப்பு என்றால் உயிர். வியர்வை ஊறிய கோடரிப்பிடியையும் வள்ளத் துடுப்பையும் அரித்துத் தின்னும். குளிர்காலத்தில் வீதிக்குக் கொட்டுகிற உப்பு, பனி உருகும் மாதங்களில் ஓரத்தில் தேங்கி நிற்கும். அதை நக்க இரவில் வரும். ஓடத் தெரியாத விலங்கு. மற்ற விலங்குகளுக்கு முன்னால் முதுகைத் திருப்பி நின்றால் போதும். லொறிக்கு முன்னாலும் அப்படியே நிற்கும்.

வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதையும் ஏழு மாதம் சுமக்கும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய கணக்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். கேள்வி கூடினால் சரக்கைக் கூட்டலாம் என்ற வியாபார வழக்கம் இங்கே செல்லாது. எங்கள் முதலாளி எந்தப் பொறிக்காரரிடமும் இன்னும் பத்துத் தோல் கொண்டுவா என்று சொன்னதில்லை. வந்ததை வாங்குவோம். முன்பெல்லாம் விலங்கைக் கொல்லாமலே, அதன் மேல் கம்பளியை எறிந்து, அதில் குத்தி நிற்கும் முட்களை எடுத்துக்கொண்டு விலங்கைப் போகவிடுவார்களாம். இன்றும் அப்படி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முறையில் முள் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் கலந்து கிடைக்கும்.

தோலைப் பிரிப்பதைச் சொல்ல வேண்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்து இளக விட்டு, முதலில் நீள மயிரைச் சிறுசிறு கற்றைகளாகப் பிடித்து, முள் வளர்ந்த திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் கை போனால் கையுறையும் காப்பாற்றாது. மயிர் கழிந்த பிறகு வால். வாலின் முட்கள் தடித்துக் கட்டையானவை, தடிப்பிடிகளையும் புகைபிடிக்கும் குழாய்களின் தண்டுகளையும் சுற்றிக்கட்ட உதவும். முதுகு முட்கள் நீளமானவை, பெரிய வேலைப்பாடுகளுக்கு. கழுத்துப் பக்கம் வரவர முள் மெலியும். வயிற்றோரத்தில் எடுப்பது எல்லாவற்றிலும் நேர்த்தி, தையல் ஊசி அளவுக்கு மெல்லியது. மான் தோலில் நுணுக்கமான கோடு போடுகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

பிடுங்கிய முள்ளில் எண்ணெய்ப் பசை இருக்கும். உல்டிஸ் றோஸ் என்ற உயிரியலாளரும் அவருடைய சகாக்களும் அந்தப் பசையில் உள்ள கொழுப்பு அமிலங்கள் கிருமிகளைத் தடுக்கின்றன என்று 1990இல் எழுதினார்கள். மரத்திலிருந்து அடிக்கடி விழுகிற விலங்கு, தன் முள்ளே தனக்குக் குத்தினாலும் புண் சீழ் பிடிக்காமல் இருக்க அது உதவக்கூடும் என்பது அவர்களுடைய எண்ணம். எங்களுக்கோ அந்தப் பசை போனால்தான் சாயம் பிடிக்கும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, நுரை அழுக்கில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். கொதிக்கவிடக் கூடாது, முள் நைந்து மஞ்சளாகிவிடும். துவாயில் பரப்பிக் காயவைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். நீளம் பார்த்து, தடிப்புப் பார்த்து, வெண்மை பார்த்துப் பிரிப்பது. ஒரு தோலை முழுதாக முடிக்க ஒரு வேலைநாள் போதாது.

முள்ளின் விலையில் பெரும்பங்கு இந்தப் பிரிப்புக்குத்தான். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தரம் பிரிக்காமல் நிறை போட்டு முள் விற்கிறவர், தன் வேலையை வாங்குகிறவரின் தலையில் கட்டுகிறார். அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார். ஒருமுறை தெற்கிலிருந்து ஒரு மொத்த வியாபாரி பெரிய பொதி ஒன்றை அனுப்பினார். மேலே நல்ல மெல்லிய முள்ளாக இரண்டு கைப்பிடி. கீழே போகப்போக வால் முள், முறிந்த முள், மயிர்த் தூசி, பூச்சி அரித்த தோல் துண்டுகள். கழுவவும் இல்லை. திருப்பி அனுப்பினோம், தபால் செலவு எங்கள் தலையில். இதே பொதி தனியாக வீட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் கையில் போய்ச் சேர்ந்திருந்தால் அவர் அதைத் திருப்பி அனுப்பியிருக்கமாட்டார். ஒரு மாதத்தின் மாலைப் பொழுதுகளை அதைப் பொறுக்குவதில் செலவழித்திருப்பார். என் கோபம் அதில்தான்.

தரம் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் மனிற்றுலினிலிருந்து வரும் ஓர் ஆச்சி. மரப்பட்டையில் முள் பதித்த பெட்டிகள் செய்கிறவர். அனிஷினாபெக்களில் ஒடாவா, ஒஜிப்வே மக்களும் கிழக்குக் கரையில் மிக்மாக் என்ற பூர்வகுடி மக்களும் இந்தப் பெட்டிக்குப் பேர்போனவர்கள். மிக்மாக் பெண்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளையருக்கு விற்பதற்கென்று இவற்றைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆச்சி கடைக்கு வந்தால் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டி, யன்னலோரம் எடுத்துப்போவார். ஒருநாள் நான் பிரித்து வைத்த வெள்ளை முட்களை இரண்டு குவியலாக ஒதுக்கிவிட்டு, "பிள்ளை, இதிலை ரெண்டு வெள்ளை இருக்கு, உமக்குத் தெரியேல்லையா?" என்று கேட்டார். உற்றுப் பார்த்தேன். ஒன்று பால் வெள்ளை, மற்றது இலேசாகத் தந்த நிறம். ஒரே பூவிதழில் இரண்டும் கலந்தால் இதழ் கறைபட்டதுபோல் தெரியும் என்றார். அன்றிலிருந்து நானும் யன்னல் வெளிச்சத்தில்தான் பிரிக்கிறேன்.

அவர் வேலை செய்வதை அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறேன். ஈரமான பட்டையில் துளையூசியால் ஒரு சிறு துளை. முள்ளின் கறுப்பு நுனியே ஊசியாகி அதற்குள் போகும். மறுமுனைக்கு அடுத்த துளை. பின்பக்கம் இரண்டு முனைகளையும் மடித்து, கூரிய நுனியை வெட்டிவிடுவார். பட்டை காயும்போது துளை சுருங்கி முள்ளைப் பிடித்துக்கொள்ளும், பசை எதுவும் வேண்டாம். அடுத்த முள் முந்தியதை உரசிக்கொண்டு நிற்க வேண்டும், இடையில் பட்டை தெரியக் கூடாது. உள்ளே முனைகள் தெரியாமல் இன்னொரு பட்டை வைத்து மூடி, விளிம்பில் வாசனைப் புல்லைச் சுற்றித் தைப்பார். மூடியைத் திறந்தால் புல்லின் மணம் வரும். அமெரிக்கச் சமவெளியின் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் மான் தோலில் செய்கிற வேலை வேறு விதம். அங்கே முள்ளை வாயில் வைத்து நனைத்து, பற்களுக்கிடையே இழுத்துத் தட்டையாக்கி, மடித்து மடித்துத் தைப்பார்கள். கண்ணாடி மணி வியாபாரத்தில் வந்த பிறகு அந்த வேலை மிகவும் குறைந்துபோனது. அழியாமல் காத்தவர்கள் சில குடும்பத்துப் பெண்கள். அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமை விருது 1985இல் லகோட்டாப் பெண் அலிஸ் புளூ லெக்சுக்கும், 2014இல் மிச்சிகனைச் சேர்ந்த ஒடாவாப் பெண் இவொன் வோக்கர் கெஷிக்குக்கும் கிடைத்தது இந்த முள் வேலைக்குத்தான்.

இனி மயிருக்கு வருகிறேன். பூர்வகுடி மக்கள் கூடி ஆடும் பவ்வவ் விழாக்களில் ஆண்கள் ஆடும்போது தலையில் சிலிர்த்து நிற்குமே, றோச் என்ற தலையணி, அது இந்த மயிரில் கட்டுவது. ஒரே நீளமான மயிர்களைச் சிறு கற்றைகளாக நூலில் கட்டி, பின்னிய அடித்தளத்தில் நடுவிலிருந்து வெளியே சுற்றிச்சுற்றித் தைத்துப்போவார்கள். வெளி வரிசைக்குச் சாயமிட்ட மான்வால் மயிர். ஆடுகிறவர் தலையை அசைக்கும்போது மயிர் நுனிகள் தனியாக ஆட வேண்டும், அதற்குத்தான் முறியாத நுனி. ஒரு தோலின் மயிர் ஒரு நல்ல றோச்சுக்குப் போதாது. ஓகஸ்ற் மாதத்தில் மனிற்றுலினில் நடக்கும் விக்வெமிகோங் விழா நெருங்க நெருங்கத் தொலைபேசி ஓயாது. மகனுக்கு முதல் ஆட்டம் என்று ஒரு தகப்பன் வந்து நின்றால், ஆறு அங்குல மயிரைக் காட்டி இதுவும் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே குளிர்காலத்திலேயே நல்லதை ஒதுக்கி வைத்துவிடுவேன்.

ஒருமுறை வயதான தம்பதி ஒரு பழைய பெட்டியோடு கடைக்கு வந்தார்கள். கருங்காலிச் சட்டம், அதற்குள் நீளநீளமான கறுப்பு வெள்ளை முட்கள் வரிசையாக, சட்டம் முழுக்க எலும்புப் புள்ளிகள். பார்த்தவுடனே தெரிந்தது, எங்கள் நாட்டுப் பெட்டி. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த பயணிகளுக்கென்று காலிப் பக்கத்துக் கைவினைஞர்கள் செய்தவை. அந்த அம்மாவின் பாட்டனார் வாங்கிவந்ததாம். மூன்று முட்கள் கழன்றுவிட்டன, உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் மேசையில் இருந்த மிக நீளமான முள்ளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அரைவாசிக்கும் வரவில்லை. இலங்கையின் முள் ஓரடி வரை வளரும், தடித்தது, பட்டைபட்டையாக நிறம் மாறுவது. அதை வாயில் வைத்துத் தட்டையாக்கவும் முடியாது, இங்குள்ள முள்ளை அந்தச் சட்டத்துக்குள் அடுக்கவும் முடியாது. இடைவெளியை அப்படியே விட்டுவிடுங்கள், பொருந்தாத முள்ளை ஒட்டிப் பெட்டியைக் கெடுக்க வேண்டாம் என்றேன். விற்பனை நடக்கவில்லை. அந்தப் பெட்டியை என் கையில் சிறிது நேரம் வைத்திருக்க விட்டார்கள், அது எனக்குப் பெரிய காரியம்.

விற்க மறுப்பதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி. தோடு செய்கிற ஒரு நிறுவனம் முதுகு முட்களில் நீண்ட வெள்ளை எல்லாவற்றையும் எங்கள் விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்து மொத்தமாக எடுக்கக் கேட்டது. முதலாளி என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். ஆச்சி போன்றவர்களின் பூவிதழுக்குப் போகிற முள் அது, அதை மொத்தமாகக் கொடுத்தால் அவர்கள் வருடம் முழுக்கக் கட்டை முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று சொன்னேன். அந்த இரட்டை விலையை அவர்களாலும் கொடுக்க முடியாது. கிழமைக்கணக்கில் செய்த பெட்டிக்கு விலை சொன்னால், கோடையில் வருகிற பயணி அதில் பாதிக்குப் பேரம் பேசுகிறார். பட்டை வெட்டுவது, புல் பறிப்பது, முள் கழுவுவது எதையும் அவர் கணக்கில் எடுப்பதில்லை. முதலாளி அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார். பெட்டி செய்கிறவர்கள் வாங்கிய பிறகு மிஞ்சுகிறதை மட்டும் கொடுப்பதாகச் சொன்னோம். அவர்கள் திரும்ப எழுதவில்லை.

இப்போது ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உடம்பின் எந்தப் பகுதி, எந்தப் பருவத்துத் தோல், பொறியா வீதியா என்று எழுதி ஒட்டுகிறோம். ஆச்சி அதை வாசித்துவிட்டு எந்த வீதி என்றும் எழுதச் சொன்னார். விலங்கு செத்த இடத்துக்குப் போய்ப் புகையிலை வைத்து நன்றி சொல்வது அவர்களுடைய வழக்கம், இடம் தெரிந்தால் போகலாம் என்றார். தோல் கொண்டுவருகிறவர்களிடம் இப்போது அதையும் கேட்டு எழுதுகிறேன். சிலர் கிட்டத்தில் உள்ள பாலத்தின் பெயர்வரை சொல்கிறார்கள்.