ரோமன் எண்ணுக்குள் காரணி தேடிய மூன்று வாரம்

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்த முழு எண்ணைக் கொடுத்தாலும் ரோமன் எண்ணாக எழுத வேண்டும். எழுதியதைத் திரும்ப மாற்றாமல், அந்த எழுத்துகளைப் பார்த்தே காரணிகளைச் சொல்ல முடியுமா என்று தேட வேண்டும். இரண்டாவதுதான் என் உண்மையான ஆசை.

முதல் வாரம் மாற்றிப் பழகுவதிலேயே போயிற்று. ஏழே எழுத்துகள்: Ⅰ 1, Ⅴ 5, Ⅹ 10, Ⅼ 50, Ⅽ 100, Ⅾ 500, Ⅿ 1000. ஆனாலும் 99-ஐ ⅠⅭ என்று எழுதிவிட்டு, அது சரி என்றே இரண்டு நாள் நம்பியிருந்தேன். விதிப்படி, கழிப்பதற்காக Ⅰ வந்தால் அது Ⅴ, Ⅹ ஆகியவற்றுக்கு முன்னால் மட்டும்தான் வரும். அதேபோல் Ⅹ வருவது Ⅼ, Ⅽ முன்னால். Ⅽ வருவது Ⅾ, Ⅿ முன்னால். வாய்விட்டுச் சொன்னபோதுதான் பதிந்தது. தொண்ணூற்று ஒன்பது: முதலில் தொண்ணூறு, ⅩⅭ, அப்புறம் ஒன்பது, ⅠⅩ. சேர்த்தால் ⅩⅭⅠⅩ. நம் தொண்ணூறுக்குள்ளே ஒரு நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள்ளே ஓர் ஆயிரம். ⅩⅭ, ⅭⅯ இரண்டும் அதே மாதிரிதான். அதற்குப் பிறகு இந்த இடத்தில் தவறியதில்லை.

அடுத்து, பழைய காலண்டர் அட்டையை 13 சீட்டுகளாக வெட்டிக்கொண்டேன்: 1000, 900, 500, 400, 100, 90, 50, 40, 10, 9, 5, 4, 1. பெரிய சீட்டிலிருந்து கழித்துக்கொண்டே வந்தால் போதும். 1944-ல் 1000 போக 944. 900 போக 44. 40 போக 4. ⅯⅭⅯⅩⅬⅠⅤ. (ரோமர்கள் எல்லா இடத்திலும் இப்படிக் கழித்து எழுதவில்லை. கொலோசியத்தின் 44-ஆம் வாசலில் ⅩⅬⅠⅠⅠⅠ என்றே செதுக்கியிருக்கிறது.)

இரண்டாம் வாரம் 1 முதல் 100 வரை கட்டம் போட்டு எழுதினேன். முதலில் கண்ணில் பட்டது 5. எண்ணில் எங்குமே Ⅰ இல்லையென்றால் 5 அதன் காரணி. Ⅰ, Ⅴ இரண்டுமே இல்லையென்றால் 10-ம் காரணி.

இரட்டை எண்ணைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. கடைசி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் தவறு. ஏழு எழுத்துகளில் ஒற்றை மதிப்புள்ளவை Ⅰ, Ⅴ மட்டும். ஓர் ஒற்றை எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் இரட்டை ஒற்றையாகும், ஒற்றை இரட்டையாகும். ஆகவே Ⅰ, Ⅴ மொத்தம் எத்தனை என்று எண்ணினாலே போதும். அது இரட்டையானால் எண்ணும் இரட்டை. ⅩⅩⅤⅠⅠⅠ-ல் நான்கு, 28 இரட்டை. ⅩⅠⅩ-ல் ஒன்று, 19 ஒற்றை. நூறு கட்டத்திலும் சரிபார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒன்பதும் வசப்பட்டது. 9-ஆல் வகுத்தால் Ⅰ, Ⅹ, Ⅽ, Ⅿ நான்குக்கும் மீதி 1. Ⅴ, Ⅼ, Ⅾ மூன்றுக்கும் மீதி 5. 1944-க்கு Ⅿ 1, ⅭⅯ 0, ⅩⅬ 4, ⅠⅤ 4. கூட்டினால் 9. ஆகவே 9 காரணி. 1944 என்பது 9 × 216.

3999 வரை உள்ளவற்றில் எழுத நீளமான எண் 3888: ⅯⅯⅯⅮⅭⅭⅭⅬⅩⅩⅩⅤⅠⅠⅠ, 15 எழுத்துகள். அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் நான்கு 2, ஐந்து 3, வேறு எதுவும் இல்லை. 5 × 6, மொத்தம் 30 காரணிகள். முப்பதையும் ரோமன் எண்ணிலேயே எழுதி நோட்டில் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டேன்.

இந்த வாரம் 7. மீதிகள் ஒழுங்காக வரவில்லை, மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருக்கிறது: Ⅰ 1, Ⅴ 5, Ⅹ 3, Ⅼ 1, Ⅽ 2, Ⅾ 3, Ⅿ 6. ஏழு எழுத்தும் ஒருமுறை மட்டும், இறங்கு வரிசையில் வரும் 1666-ல், அதாவது ⅯⅮⅭⅬⅩⅤⅠ-ல், நேற்று சோதித்தேன். 6, 3, 2, 1, 3, 5, 1. கூட்டினால் 21.