லோன் ஆப் போட்டோவ வச்சு மிரட்டுதா? அவசரப்பட்டு ஆப்ப அழிக்காதீங்க

அக்கா நிலாவெளியில தையல் கடை வச்சிருக்கா. வட்ஸ்அப்புல வந்த லிங்கால ஒரு லோன் ஆப் இறக்கினவ, அது போட்டோஸ், கொன்டாக்ட்ஸ் ரெண்டுக்கும் அனுமதி கேட்டிருக்கு, குடுக்காட்டி அடுத்த பக்கமே போகாதாம். தவணை முடிய முதலே ஆப்காரங்க மிரட்டத் தொடங்கிட்டாங்க. பிள்ளையோட கடற்கரையில நிக்கிற படத்துல அக்கான்ட முகத்த மட்டும் வெட்டி அவக்கே அனுப்பி, நாளைக்கு உன்ட போன்ல இருக்கிற எல்லாருக்கும் இது வேற உடம்போட போகும் எண்டு மெசேஜ். வாசிக்கேக்க எனக்குக் கை நடுங்கிச்சு.

டவுன்ல ஒரு போன் கடைப் பொடியன் உதவி செய்யிறன் எண்டு ஆப்ப டக்கெண்டு அழிச்சிட்டான், வந்த வினை அதுதான். ஏற்கனவே அவங்கட சேர்வருக்குப் போன படம் அதால திரும்பி வராது, நம்மட கையில இருந்த ஆதாரம்தான் போகும். முறைப்பாடு குடுக்கப் போன இடத்துல முதல் கேள்வியே "ஆப் எங்க, பேர் என்ன?" அக்காக்குப் பேர் சரியா ஞாபகமில்ல. மெசேஜக் காட்டினா அங்க இருந்தவர் போனக் கையிலயே வாங்கேல்ல, பிரிண்ட் எடுத்துட்டு வாங்க எண்டு அனுப்பிட்டார். அழுதுகொண்டு நிக்கிற பொம்பிளைக்கு ஒரு கதிரை குடுக்கக்கூட மனசு வரேல்ல.

வீட்ட வந்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரத் திறந்தா, அந்த ஆப்ப இறக்கேக்க வந்த ஏபிகே ஃபைல் (ஆப்ப போன்ல போடுற ஃபைல்) பேரோட திகதியோட அப்பிடியே கிடக்கு! உயிர் வந்த மாதிரி இருந்திச்சு. அத, லிங்க் வந்த வட்ஸ்அப் மெசேஜ, காசு போட்ட கணக்கு இலக்கத்த எல்லாம் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து கொமியூனிகேஷன் கடையில பிரிண்ட் அடிச்சுக் கொண்டு போனம், முறைப்பாட்ட எழுதிட்டாங்க.

உங்களுக்கு நடந்தா முதல் செட்டிங்ஸ்ல அந்த ஆப்பின்ட பெர்மிஷன் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க, ஸ்க்ரீன்ஷொட் எடுங்க, பிறகு அழியுங்க. இணையப் பாதுகாப்பப் பாக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 அடிச்சும் கேக்கலாம். கூகுள் பிளேல இருக்கிற கடன் ஆப் போட்டோஸ், கொன்டாக்ட்ஸ் எடுக்கக்கூடாது எண்டு 2023 மே 31 இலிருந்தே தடை, அதனால கேக்கிற ஆப்ப நம்பவே வேணாம். வேற ஆப் ஏதும் படம் கேட்டா, அண்ட்ரொய்ட் 14 இல்லாட்டி அதுக்குப் பிறகு வந்தது எண்டால் தேவையான படத்த மட்டும் தெரிஞ்சு குடுக்கலாம், பழைய போன்ல எல்லா ஆப்புக்கும் அந்த வசதி இல்ல.

சொந்தக்காரர் எல்லாருக்கும் நாங்களே முந்திச் சொல்லிட்டம், அக்கான்ட படம் எண்டு ஏதும் வந்தா ஒருத்தருக்கும் அனுப்பாம எங்களுக்குச் சொல்லுங்க எண்டு. இப்பவும் நம்பர் மாத்தி மாத்தி எடுக்கிறாங்கள். அக்கா பதில் சொல்றதில்ல, ஒவ்வொரு நம்பரையும் எழுதி முறைப்பாட்டோட சேர்க்கிறா.