பதிவேற்றியதும் நிறம் ஏன் வெளிறுகிறது?

டிஜிட்டலில் வரையும் நண்பர்களே, திரையில் பளிச்சென்று இருந்த சிவப்பு பதிவேற்றியதும் சோர்ந்துபோகிறதா? பெரும்பாலும் படத்தை டிஸ்ப்ளே பி3 போன்ற அகன்ற நிறவெளியில் (காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) சேமித்திருப்பீர்கள். எந்த நிறவெளி என்று கோப்புக்குள் சொல்லும் புரொஃபைல் வழியில் கழன்றுவிட்டால் நிறம் வெளிறிவிடும். இணையத்தில் பொதுவாகப் புழங்கும் எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றி, புரொஃபைலையும் சேர்த்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

சிவப்புக் கோட்டின் ஓரம் மட்டும் கலங்கித் தெரிந்தால் காரணம் ஜேபெக் (JPEG) கோப்பு வடிவம். வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தைப் பல நேரம் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சுருக்கிவிடும். கோட்டோவியத்துக்கு, விவரம் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி (PNG) வடிவம்தான் சரி. ஜேபெக்கையே திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் படம் தேயும்.

லேயர்களோடு மூலக்கோப்பு தனியே இருக்கட்டும். ஏ4 அச்சுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 × 3508 பிக்சல் வேண்டும். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் கோடு மழுங்கிவிடும்.