பஃபர் விழுங்கிய வரிகள்

என் நிரலுக்கு வரும் உள்ளீடு எளிமையானதுதான். முதல் வரியில் ஒரு எண். அடுத்து அத்தனை வரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் மதிப்பெண்ணும். இது ஒரு குழு. அப்புறம் அடுத்த குழுவின் எண். 0 வந்தால் முடிந்தது.

ஜாவா நிரல்மொழியில் ஒரு குழுவைப் படிக்கத் தனி மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) எழுதினேன். அதற்குள்ளேயே சிஸ்டம்.இன் (நிரலுக்குள் உள்ளீடு வரும் வழி) மேல் புதிதாக ஒரு பஃபர்டு ரீடர், அதாவது உள்ளீட்டை பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்த்து வைத்துப் படித்துத் தருவது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கீபோர்டில் தட்டிச் சோதித்தேன், எல்லாம் சரி. அதே தரவை ஃபைலிலிருந்து கொடுத்தால் முதல் குழு மட்டும் வருகிறது. இரண்டாவதற்கு, வரி படித்துத் தரும் ரீட்லைன் 'நல்' என்கிறது, அதாவது இனி வரி இல்லையாம். ஃபைலைத் திறந்து பார்த்தேன், வரிகள் அங்கேயே பத்திரமாக இருக்கின்றன.

காரணம் பிடிபட ஒரு மாலை போயிற்று. நாம் ஒரு வரி கேட்டாலும் பஃபர்டு ரீடர் அதோடு நிற்காது. வழக்கமாக 8192 எழுத்துகள் வரை முன்கூட்டியே அள்ளி வைத்துக்கொள்ளும். என் சின்ன ஃபைல் மொத்தமும் முதல் ரீடரின் வயிற்றுக்குள் போய்விட்டது. மெத்தட் முடிந்ததும் ரீடர் போயிற்று, மிச்ச வரிகளும் கூடவே போயின. கீபோர்டில் மட்டும் எப்படி ஓடியது? என்டர் தட்டிய வரி மட்டும்தான் அப்போது கையில் இருக்கும். அள்ள வேறெதுவும் இல்லை.

ரீடரை மெயினில் (நிரல் தொடங்கும் இடம்) ஒரே முறை உருவாக்கி மெத்தட்டுக்கு அனுப்பினேன். அப்புறமும் ஒரு குழு உதைத்தது: பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவே இரண்டு இடைவெளி. வரியை ஒற்றை இடைவெளியில் ஸ்ப்ளிட் செய்து துண்டாக்கியதால் நடுவில் எழுத்தே இல்லாத ஒரு காலிச் சரம். அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் ஸ்ட்ரிங் டோக்கனைசருக்கு மாறிவிட்டேன். பழசு என்பார்கள், எனக்கு அது போதும்.