செய்முறைத் தேர்வில் சிக்னல் கேள்வி வந்தால்

முடிவு வந்துவிட்டது, நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டேன். ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. அடுத்த ஆண்டு லினக்ஸ் ஆய்வகத்துக்குள் போகிறவர்களாவது தப்பிக்கட்டும்.

எனக்கு வந்த சீட்டு: சைல்டு புராசஸ் எந்தச் சிக்னலால் (புராசஸுக்கு வரும் எண்ணிட்ட அறிவிப்பு) செத்தது என்று, அதை உருவாக்கிய பேரன்ட் புராசஸ் விளக்கமாக அச்சிட வேண்டும். வெறும் எண்ணுக்குப் பாதி மதிப்பெண்தான். ஆண்டாண்டாகக் கைமாறி வரும் ரெக்கார்டு நோட்டில் இதற்கு ‘சிஸ் சிக்லிஸ்ட்’ என்ற அரே, அதாவது சிக்னல் விளக்கங்களின் பட்டியல், இருக்கிறது. 2020இல் வந்த ஜிலிப்சி 2.32 (லினக்ஸின் சி நூலகம்) அதை எடுத்துவிட்டது. கணினிகளைப் புதுப்பித்தவர்களுக்கு நோட்டைப் புதுப்பிக்கத் தோன்றவில்லை. என் வரிசையில் பாதிப் பேர் கம்பைல் பிழையோடு மல்லுக்கட்டினார்கள்.

கைகொடுத்தது ‘ஸ்ட்ர்சிக்னல்’ என்ற ஃபங்ஷன். சைல்டைக் கொன்ற சிக்னலின் எண்ணை டபிள்யூடெர்ம்சிக் என்ற மேக்ரோ தரும், அதை ஸ்ட்ர்சிக்னலிடம் கொடுங்கள். 11 என்றால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’, 15 என்றால் ‘டெர்மினேட்டட்’ என்று சரமாகத் திருப்பித் தரும். அது இருப்பது ஸ்ட்ரிங் ஹெடரில், சிக்னல் ஹெடரில் அல்ல. இதை நான்கு முறை எழுதிப் பாருங்கள். ஹெடரை விட்டுவிட்டால் பழைய கம்பைலர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டு, திரும்பி வருவது இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் பாயின்டரின் மேல்பாதி போய்விடும். பிறகென்ன, 11ஐ விளக்க வந்த நிரலே 11 வாங்கிச் சாகும்! சி99 கொடியோடு கம்பைல் செய்யச் சொன்னாலும் இதே கதைதான். ஹெடர்களுக்கு மேலே ‘போசிக்ஸ் சி சோர்ஸ்’ மேக்ரோவை 200809 என்று வரையறுத்துவிடுங்கள்.

எங்கள் வீடு காசிமேட்டில். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனில் மனப்பாடம் ஏறாது. ஆகவே ஒவ்வொரு சிக்னலையும் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தேன். மனப்பாடக்காரர்களுக்கு இந்த வழி சரிவருமா, தெரியாது.

வாய்மொழித் தேர்வுக்கு:

– ஹேண்ட்லருக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஸ்ட்ர்சிக்னலையோ பிரின்ட்எஃபையோ அழைக்கக் கூடாது. இரண்டும் அங்கே பாதுகாப்பானவை அல்ல. கொடியாக வைத்த ஒரு வேரியபிளை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்து அச்சிடுங்கள்.
– முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்’ என்றுதான் வரும். தேர்வாளர்களுக்கு இது அல்வா.
– நிரல் செத்த பிறகு ஷெல்லில் 139 என்று தெரிந்தால் 128ஐக் கழியுங்கள், மிஞ்சுவது சிக்னல் எண்.
– சிக்னல் விளக்கத்தைத் தானே அச்சிடும் ‘பிசிக்னல்’ நேராக ஸ்டாண்டர்டு எரரில் எழுதும். வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கச் சொன்னால் அம்புக்குறிக்கு முன் 2 போடுங்கள், இல்லாவிட்டால் வெற்றுக் கோப்பைத்தான் ஒப்படைப்பீர்கள்.