மிஸ்ஸுக்கு விருது கேட்டு ஃபோம் நிரப்பின கதை

செப்டம்பர் 25 உலக மருந்தாளர் தினம், அதை ஒட்டி பாமசி படிப்பிச்ச ஆக்களைக் கௌரவிக்கப் போறம், பேர் அனுப்புங்கோ எண்டு ஒரு அறிவித்தல் வந்திச்சு. எங்கட பழைய வகுப்பு வைபர் குறூப்பில எல்லாரும் மிஸ்ஸின்ர பேரைத்தான் போட்டவை. ஃபோமை ஆர் நிரப்பிறது எண்டு கேட்ட உடன ஒரு சத்தமும் இல்லை, கடைசியா கிளிநொச்சியில நிக்கிறது நான்தானாம் எண்டு என்ர தலையில கட்டிவிட்டிட்டினம்.

மூண்டு பக்கம். முதல் பக்கமே ஒரு கிழமை இழுத்திட்டுது. மிஸ்ஸின்ர சேட்டிபிக்கட், நியமனக் கடிதம் எல்லாம் 2009ல புதுக்குடியிருப்புக்கு அங்கால ஒரு பாக்கோட போட்டுது. அவவிட்ட கேட்டா "விருதும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், போய் வேலையப் பார் தம்பி" எண்டிட்டா. பிறகு மகளைப் பிடிச்சு மெடிக்கல் கவுன்சில் பதிவு நம்பரை எடுத்து, சத்தியக்கடதாசி எழுதி ஜேபியிட்ட (சமாதான நீதவான்) சைன் வாங்கி அனுப்ப, சீல் தெளிவில்லையாம் எண்டு திருப்பி அனுப்பினவை. திரும்பவும் ஜேபி வீட்டு வாசல்.

ரெண்டாம் பக்கம், மாணவருக்குச் செய்த சேவை, ஒரே இரவில முடிஞ்சுது. சனிக்கிழமையில தகரக் கொட்டிலுக்குள்ள வகுப்பு, மருந்தாளர் சோதினைக்குப் படிச்ச எங்களிட்ட ஒரு சதம் வாங்கேல்லை. முதல் நாளே சேனக பிபிலே கதைதான், அவரும் மருந்தியல் படிப்பிச்ச பேராசிரியர், 1971ல அரச மருந்துக் கூட்டுத்தாபனம் வர முன்னுக்கு நிண்டவர், கம்பனிப் பேரை விட்டு மருந்தின்ர பேரை எழுதுங்கோ எண்டவர். அதால வகுப்பில ஆராவது வாய் தவறி பனடோல் எண்டா மிஸ் காது கேக்காத மாதிரி நிப்பா, பரசிற்றமோல் எண்டு சொல்லுமட்டும் திரும்பமாட்டா.

சிக்கினது மூண்டாம் பக்கத்திலதான். பொதுச் சுகாதாரப் பங்களிப்பு, ஆதாரத்துடன். கட்டுரை, மெடல் எண்டு மிஸ்ஸிட்ட என்ன கிடக்கு? ரெண்டு நாள் வெறும் தாளைப் பாத்துக்கொண்டிருந்தன். அப்பதான் அம்மா பிறஷர் குளிசை எடுக்கேக்க அந்தப் பையைக் கண்டன். காலமைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, நான் கீறினதுதான். எழுத்துத் தெரியாத சனத்துக்கு இப்பிடிக் கீறிக் குடுங்கோ எண்டு பழக்கினது மிஸ். குறூப்பில போட்டன், மல்லாவி, முழங்காவில், ஒட்டுசுட்டான் எண்டு எங்கட பெடியள் வேலை செய்யிற இடமெல்லாத்திலயும் இருந்து பை பையா படம் வந்திச்சு, எல்லாத்திலயும் அதே சூரியன்.

அதோட எலிக்காய்ச்சல் கதையையும் எழுதினன். காலபோகத்தில பிஎச்ஐமார், அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார், கமக்காரருக்கு அந்தக் காய்ச்சல் வராமத் தடுக்க டொக்சிசைக்கிளின் எண்ட மருந்து குடுக்கேக்க எங்களையும் வரம்புக்குக் கூட்டிக்கொண்டு போவா, சாப்பிட்டிட்டு நிறையத் தண்ணியோட போடுங்கோ, போட்ட உடன படுக்காதேங்கோ, கர்ப்பிணி எண்டா வேண்டாம் எண்டு ஒவ்வொரு ஆளாப் பிடிச்சுச் சொல்ல வைப்பா.

போன மாதம் தெரிவு செய்திட்டம் எண்டு கடிதம் வந்திச்சு. அதையும் ஃபோமின்ர கொப்பியையும் கொண்டுபோய்க் குடுத்தன். கடிதத்தை ஒதுக்கி வச்சிட்டு, கண்ணாடியப் போட்டு ஃபோமை வாசிச்சவா மூண்டாம் பக்கத்தில டொக்சிசைக்கிளின் அளவு எழுதின இடத்தில நிண்டிட்டா.

"கிழமைக்கு 100 மில்லிகிராமோ?"

"கொப்சியூல் 100 தானே மிஸ்."

"எத்தினை குடுத்தனாங்கள்?"

"ரெண்டு."

பேனையை எடுத்து 100ஐ ஒரு கோட்டால வெட்டி, மேல 200 எண்டு எழுதி, பக்கத்தில சின்னதாச் சைனும் வச்சுத் தந்தா.